தோல், கூலி அல்ல

ஆசிரியருக்கு,

உங்கள் பக்ரீத் சிறப்புப் பக்கத்தில் குர்பானி (பெருநாளில் இறைவனுக்காகப் பிராணி அறுப்பது) பற்றி வந்த கட்டுரை நல்ல எண்ணத்தோடு எழுதப்பட்டதுதான். ஆனால் அதை நம்பி ஆடு பிடிக்கப் போகிறவர் நாலைந்து இடங்களில் இடறுவார்.

முதல் வரியே இடறல். 'இறைவனுக்கு ரத்தக் காணிக்கை' என்கிறது கட்டுரை. குர்ஆன் சொல்வது நேர்மாறு: அவற்றின் இறைச்சியோ ரத்தமோ அல்லாஹ்வை அடைவதில்லை, உங்கள் இறையச்சமே அவனை அடைகிறது (22:37). குர்பானிச் சட்டங்களில் பெரும்பாலானவை இரண்டு கவலைகளிலிருந்து பிறந்தவை. பிராணி வதைபடக் கூடாது. கொடுப்பவர் அதில் காசு பார்க்கக் கூடாது.

'ஒரு வயது ஆடு போதும்' என்று கட்டுரை சொல்வது ஹனஃபி மத்ஹபுக்கு (மார்க்கச் சட்ட வழிக்கு) சரி. வேலூர், ஆம்பூர் பக்கம் அதுதான் நடைமுறை. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற, ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றும் ஊர்களில் வெள்ளாட்டுக்கு இரண்டு வயது நிறைந்திருக்க வேண்டும். செம்மறிக்கு ஒரு வயது, அல்லது ஆறு மாதம் கடந்து முன்பல் விழுந்திருக்க வேண்டும். ஹனஃபியிலும் செம்மறிக்கு ஒரு சலுகை உண்டு: ஆறு மாதம் தாண்டிய குட்டி, ஒரு வயது ஆடுகளுக்கு நடுவே விட்டால் வித்தியாசம் தெரியாத அளவு வளர்ந்திருந்தால் கூடும். மாட்டுக்கு இரண்டு வயது, ஒட்டகத்துக்கு ஐந்து. இவற்றில் ஏழு பேர் வரை பங்கு சேரலாம். ஆட்டில் பங்கு கிடையாது.

மேலப்பாளையம் சந்தையிலோ எட்டயபுரம் சந்தையிலோ எந்த ஆட்டுக்கும் பிறந்த தேதி கிடைக்காது. வாயைப் பிளந்துதான் பார்க்க வேண்டும். கீழ்த்தாடையில் முன்பல் எட்டு. எட்டும் சின்னச் சின்னப் பால்பல்லாக இருந்தால், வயது ஒன்று ஆகியும் இருக்கலாம், ஆகாமலும் இருக்கலாம். விற்பவரின் வாய்ச்சொல்தான் சாட்சி. நடுவில் இரண்டு பல் அகலமாக முளைத்திருந்தால் ஒரு வயது தாண்டிவிட்டது. நாலு பல் போட்டிருந்தால் ஏறத்தாழ இரண்டு வயது. தீவனத்தையும் இனத்தையும் பொறுத்துச் சில மாதங்கள் முன்பின் ஆகும். எனவே ஷாஃபி வழிப்படி வெள்ளாடு கொடுப்பவர் நாலு பல் பார்த்து வாங்குவது நிம்மதி. கொழுத்த கிடா என்பதற்காகப் பல் பார்க்காமல் வாங்குவதுதான் சந்தையில் அதிகம் நடக்கும் தவறு. எடை வயதைச் சொல்லாது.

பல்லுக்கு அடுத்து காது. மேய்ச்சல்காரர்கள் மந்தை அடையாளத்துக்காகக் காது நுனியை வெட்டிவிடுவது நம் பக்கத்துப் பழக்கம். ஷாஃபியில் காதில் கொஞ்சம் துண்டாகிப் போயிருந்தாலும் அந்த ஆடு குர்பானிக்கு ஆகாது. ஓட்டையோ கிழிசலோ மட்டும் இருந்து, சதை குறையாவிட்டால் ஆகும். ஹனஃபியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிருந்தால்தான் ஆகாது. கொம்பு நுனி உடைந்தது, காயடித்தது இரண்டும் குறை அல்ல. வெளிப்படையாகத் தெரியும் ஒற்றைக்கண், நோய், நொண்டி, எலும்பில் மஜ்ஜை வற்றிய மெலிவு ஆகிய நான்கும் ஆகாது என்பது நபித்தோழர் பராஉ இப்னு ஆஸிப் அறிவிக்கும் ஹதீஸ் (நபிமொழி). வண்டியில் கால் கட்டி வந்த ஆடு கொஞ்ச நேரம் நொண்டத்தான் செய்யும். கட்டை அவிழ்த்து, நடக்கவிட்டுப் பார்த்த பிறகே விலை பேச வேண்டும்.

யார் மீது கடமை என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. ஷாஃபியில் இது வலியுறுத்தப்பட்ட சுன்னத் (நபிவழி, கட்டாயம் அல்ல). வீட்டில் ஒருவர் கொடுத்தால் அந்த வீட்டுக்கே போதும். ஹனஃபியில் வாஜிப் (கட்டாயம்), ஆளுக்கு ஆள் தனி. 612.36 கிராம் வெள்ளியின் மதிப்புக்கு, அடிப்படைத் தேவையும் கடனும் போக, சொத்து உள்ளவர் ஒவ்வொருவரும் கொடுக்க வேண்டும். ஜகாத்தை (ஆண்டுதோறும் கொடுக்கும் கட்டாய தர்மத்தை) போல ஓராண்டு அது கையில் இருந்திருக்க வேண்டியதில்லை. கழுத்திலும் கையிலும் நகை வைத்திருக்கும் மனைவிக்குக் கணவர் வாங்கிய ஒற்றை ஆடு கணக்கில் வராது. பல வீடுகளில் இது தெரியவே தெரியாது.

அறுக்கும் நேரம் பெருநாள் தொழுகைக்குப் பிறகு. முந்தி அறுத்தது வெறும் கறி. வேறொன்று அறுக்க வேண்டும். பெருநாள் துல்ஹஜ் மாதப் பிறை 10; ஹனஃபியில் பிறை 12 மாலை வரையும், ஷாஃபியில் 13 மாலை வரையும் அவகாசம் உண்டு. முதல் நாள் காலையிலேயே எல்லோரும் முண்டியடிப்பதுதான் பல கோளாறுகளுக்கு வேர். தேர்ந்த ஆள் கிடைக்காமல் அறியாதவர் கத்தி எடுக்கிறார். மூன்றாவது நான்காவது ஆட்டில் கத்தி மழுங்கிவிடுகிறது, சாணை பிடிக்க யாருக்கும் பொறுமை இல்லை. கத்தி கழுத்தின் அகலத்தைப் போல் இரு மடங்கு நீளம் இருந்தால் ஓர் இழுப்பில் வேலை முடியும். மூச்சுக்குழல், உணவுக்குழல், இரு பக்கத்துப் பெரிய ரத்தக்குழாய்கள் அறுபட வேண்டும். தண்டுவடத்தைத் தொடக் கூடாது, தலையைத் துண்டிக்கக் கூடாது. துடிப்பு முழுக்க அடங்கும் முன் தோலில் கத்தி வைப்பது வெறுக்கப்பட்டது. ஆட்டின் கண்ணெதிரே கத்தியைத் தீட்டுவதும், ஓர் ஆட்டின் முன்னால் இன்னொன்றை அறுப்பதும் அப்படியே. முந்தின இரவிலிருந்து தீவனத்தை நிறுத்தித் தண்ணீர் மட்டும் காட்ட வேண்டும். வயிறு நிறைந்த ஆட்டில், அறுத்ததும் இரைப்பையில் உள்ளது மேலேறி வந்து கறியைக் கெடுக்கும்.

இப்போது தோலுக்கு வருகிறேன். 'தோலை அறுப்பவருக்குக் கொடுப்பது மரபு' என்று கட்டுரை போகிற போக்கில் சொல்கிறது. இந்தக் கடிதம் எழுதக் காரணமே அந்த வரிதான். நபியவர்கள் தம் ஒட்டகங்களின் பொறுப்பை அலீ அவர்களிடம் ஒப்படைத்தபோது, இறைச்சியையும் தோலையும் தர்மம் செய்யும்படியும், அறுப்பவருக்கு அதிலிருந்து எதையும் கூலியாகக் கொடுக்கக் கூடாது என்றும் கட்டளையிட்டார்கள். 'அவருக்கு நாம் நம்மிடமிருந்து கொடுப்போம்' என்பதும் அதே ஹதீஸில் உள்ளது. சில ஆண்டுகளாகத் தோல் விலை படுத்துவிட்டது. முன்பு மதரஸாக்கள் (மார்க்கப் பள்ளிகள்) வீடு வீடாக வந்து வாங்கிப்போன தோலை இன்று கேட்க ஆள் இல்லை. அதனால்தான் 'தோலை நீங்களே எடுத்துக்குங்க, கூலியில கொஞ்சம் குறைச்சுக்குங்க' என்ற பேரம் சகஜமாகிவிட்டது. கூலியில் ஐம்பது ரூபாய் குறைந்தாலும் அது தோலை விற்றதுதான். முழுக் கூலியையும் பணமாகக் கொடுத்த பிறகு, அவர் ஏழை என்பதற்காகத் தோலைத் தர்மமாகக் கொடுத்தால் தவறில்லை. தலை, கால், குடலுக்கும் இதே சட்டம். ஹனஃபியில் தோலை விற்றுவிட்டால் அந்தப் பணம் ஏழைக்குப் போக வேண்டும். ஷாஃபியில் கொடுப்பவர் விற்கவே கூடாது. தானே பயன்படுத்தலாம், அல்லது கொடுத்துவிடலாம். மதரஸாவுக்குக் கொடுக்க நினைப்பவர் உரித்த சில மணி நேரத்துக்குள், தோல் எடையில் பாதியளவு கல்லுப்பை உட்புறம் முழுக்கத் தேய்த்து வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் சுருட்டி மாலை வரை வைத்த தோல் மயிர் கழன்றுவிடும். எந்தத் தோல்ஷாப்பும் (தோல் பதனிடும் இடமும்) எடுக்காது. உரிக்கும்போது விழுந்த கத்திக் கீறலும் மதிப்பைக் கெடுக்கும்.

இறைச்சியைச் சரிசமமாக மூன்று பங்கு போடுவது 'கட்டாயம்' என்பதும் பிழை. அது விரும்பத்தக்கது மட்டுமே. ஷாஃபியில் கட்டாயம் என்பது ஏழைக்குக் கொஞ்சமாவது பச்சைக் கறியாகக் கொடுப்பது. பிரியாணி ஆக்கி விருந்து வைத்தால் அந்தக் கடமை நிறைவேறாது. மூன்று நாளுக்கு மேல் சேமிக்கக் கூடாது என்ற தடை, மதீனாவுக்குப் பசியோடு வந்து சேர்ந்த ஏழைகளுக்காக ஓர் ஆண்டு விதிக்கப்பட்டு, பிறகு நபியவர்களாலேயே நீக்கப்பட்டது. ஃப்ரீசரில் வைப்பதைப் பற்றிக் கட்டுரையாளர் பதற வேண்டியதில்லை.

நேர்ச்சைக் குர்பானி (நேர்ந்துகொண்டு கொடுப்பது) மட்டும் வேறு. அதிலிருந்து கொடுப்பவர் ஒரு துண்டும் சாப்பிடக் கூடாது. ஷாஃபி ஊர்களில் இதை ஒட்டி ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) அடிக்கடி எச்சரிப்பார்கள்: வாசலில் கட்டிய ஆட்டைக் காட்டி யாராவது கேட்டால், 'இது என் குர்பானி ஆடு' என்று அறுதியிட்டுச் சொல்லிவிடாதீர்கள். அந்தச் சொல்லே அதை நேர்ச்சையைப் போல வாஜிப் ஆக்கிவிடும் என்பது அந்த மத்ஹபின் பல நூல்களில் உள்ளது. பாமரர் தெரியாமல் சொன்னால் சலுகை உண்டு என்ற கருத்தும் இருக்கிறது. 'குர்பானி கொடுக்க நினைத்திருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்' என்று சொல்லிவிட்டால் சிக்கல் இல்லை.

– ஒரு வாசகர்,
காயல்பட்டினம்