எல்இடியைப் பற்றி மட்டும் எழுதுங்கள், அதன் வேலையை எங்களிடம் விடுங்கள்

ஓசூரிலும் கிருஷ்ணகிரியைச் சுற்றியும் லினக்ஸ் போர்டு தயாரித்து, அதன் பாகங்களை இயக்கும் நிரலான டிரைவரும், அந்தப் பாகங்களின் விவரக் குறிப்பான டிவைஸ் ட்ரீயும் எழுதித் தரும் நண்பர்களுக்கு,

வணக்கம். நீங்கள் செய்யும் கன்ட்ரோலர் பெட்டிகளை ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் தக்காளித் தோட்டங்களின் பம்ப்செட் அறைகளில் மாட்டிக் கொடுத்து, அவற்றின் சாஃப்ட்வேரைப் பார்த்துக்கொள்பவன் நான். போர்டுகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெயிலிலும் தூசியிலும் தாக்குப்பிடித்து ஓடுகின்றன. அவற்றின் எல்இடிகளைப் பற்றி லினக்ஸின் மையமான கெர்னலுக்கு நீங்கள் எழுதித் தரும் குறிப்பை மட்டும் மாற்றும்படி கேட்கத்தான் இந்த மடல்.

போர்டில் என்ன இருக்கிறது என்பது வேறு, அதை வைத்து என்ன செய்வது என்பது வேறு. டிவைஸ் ட்ரீ முதலாவதற்கு மட்டுமே உரியது. உங்களில் பலர் இரண்டையும் ஒரே ஃபைலில் கலந்து அனுப்புகிறீர்கள்.

என் மேசையில் உள்ள ஒரு போர்டையே எடுத்துக்கொள்வோம். சிவப்பு எல்இடியின் ஒரு கால் 330 ஓம் ரெசிஸ்டர் வழியாக 3.3 வோல்ட்டுக்குப் போகிறது. மறு கால், சாஃப்ட்வேர் ‘ஹை’, ‘லோ’ என்று மாற்றக்கூடிய ஜிபிஐஓ பின்னில் இருக்கிறது. அந்த பின் ‘லோ’ ஆனால்தான் எரியும், இதைத்தான் ஆக்டிவ் லோ என்பது. எல்இடியில் 2 வோல்ட் அளவு விழும் என்று வைத்துக்கொண்டால் ஓடுவது சுமார் 4 மில்லி ஆம்பியர். இதெல்லாம் சாலிடர் வைத்து முடித்துவிட்ட சங்கதி, பெட்டி எந்த ஊருக்குப் போனாலும் மாறாது. எந்த பின், ஆக்டிவ் லோவா ஹையா, என்ன நிறம் என்ற மூன்றையும் டிவைஸ் ட்ரீயில்தான் எழுத வேண்டும்.

ஆனால் ஒரு தயாரிப்பாளர் அந்த ஆக்டிவ் லோவை அங்கே எழுதாமல், தன் டிரைவருக்குள் ஒரு ஆச்சரியக்குறி போட்டு மதிப்பைத் தலைகீழாக்கி வைத்திருந்தார். புதுக் கெர்னலுக்கு மாறியபோது அவருடைய டிரைவர் போய், பொதுவான லெட்ஸ் ஜிபிஐஓ டிரைவர் வந்தது. ஆச்சரியக்குறியும் கூடவே போய்விட்டது. மோட்டார் நின்றால் விளக்கு எரிந்தது, ஓடினால் அணைந்தது. “லைட்டு எரியுது சார், தண்ணி வரல” என்று தோட்டத்திலிருந்து போன் வந்தது. மும்முனை மின்சாரம் வரும் நேரத்தை நம்பி விளக்கைப் பார்த்துக் காத்திருப்பவருக்கு ஒரு முறை தண்ணீர் தவறுவது சின்ன விஷயம் இல்லை.

அடுத்து, பெட்டியின் இரண்டாவது எல்இடி. பம்ப்செட் அறையில் அது நெட்வொர்க் இருக்கிறதா என்று காட்டினால் போதும். இதே பெட்டியை மாம்பழக்கூழ் தொழிற்சாலையின் குளிர் அறையில் மாட்டினால், கதவு திறந்து கிடக்கிறதா என்று காட்டச் சொல்வார்கள். நீங்களோ, எதற்காக எல்இடி எரிய வேண்டும் என்று சொல்லும் டிஃபால்ட் ட்ரிகர் என்ற இடத்தில் ஹார்ட்பீட் (இதயத் துடிப்புபோல் மினுக்குவது) என்று எழுதி அனுப்பிவிடுகிறீர்கள். உங்கள் பெட்டிகளில், டிவைஸ் ட்ரீயைக் கம்பைல் செய்த ஃபைலான டிடிபி, ஃபிளாஷ் மெமரியில் தனியாக உட்கார்ந்திருக்கிறது. கெர்னலை அப்டேட் செய்தாலும் அது மாறாது. அதில் எழுதிய வழக்கத்தை அங்கேயே திருத்த வேண்டுமென்றால் ஒவ்வொரு பெட்டியையும் கழற்றி ஃபிளாஷ் செய்ய வேண்டும். ஆனால் கெர்னல் தன் செட்டிங்குகளை ஃபைல்களாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் அந்த எல்இடியின் ட்ரிகர் ஃபைலில் ஒரு சொல் எழுதினால் முடிகிற வேலை இது. ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்டிலோ, டிவைஸ் தென்பட்டதும் ஓடும் யூடெவ் விதியிலோ ஒரு வரி போதும். பெட்டியை எடுத்து வைத்ததும் ஏதாவது மினுக்க வேண்டும் என்று வாங்குபவர் கேட்பது எனக்கும் தெரியும். அந்த வரியை உங்கள் ரூட் ஃபைல்சிஸ்டத்திலேயே வைத்து அனுப்புங்கள். வேண்டாதவர் மாற்றிக்கொள்வார்.

சரி, எல்லாமே இவ்வளவு சுலபமாகப் பிரிந்துவிடாது. அதிகபட்ச கரண்ட் பார்ப்பதற்கு ஒரு செட்டிங் போலவே இருக்கும். ஆனால் கரண்டைத் தானே கட்டுப்படுத்தும் எல்இடி டிரைவர் சிப் உள்ள போர்டில், 20,000 மைக்ரோ ஆம்பியர் என்று எழுதுவது அந்த எல்இடி தாங்கும் எல்லையைச் சொல்வது. அதைத் தாண்டினால் எல்இடி கருகிவிடும். ஆகவே அது ஹார்ட்வேர். அந்த எல்லைக்குள் எவ்வளவு பிரகாசம் என்பது எங்கள் பாடு. பெட்டியின் மேல் ‘லேன்’ என்று அச்சடித்திருந்தால் அதுவும் ஹார்ட்வேரோடு சேர்ந்ததுதான். ஃபங்ஷன் என்ற இடத்தில் லேன் என்று எழுதி, கலர் என்ற இடத்தில் பச்சை என்று எழுதினால், கிரீன்:லேன் என்ற பெயரைக் கெர்னலே உருவாக்கிக்கொள்ளும். இந்த வசதி கெர்னல் 5.4 முதல் இருக்கிறது, முழுப் பெயரையும் நாமே எழுதும் பழைய லேபிள் முறையைப் புது போர்டுகளில் கைவிடலாம். அப்படி அச்சடித்த விளக்குக்குப் பொருந்தும் ட்ரிகரை டிஃபால்ட்டாகக் கொடுத்தால் நான் சண்டைக்கு வரமாட்டேன். பெயரே இல்லாத எல்இடிக்குக் கொடுப்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

எனக்கு அதிக வருத்தம் தருவது ஈதர்நெட் சாக்கெட்டின் இரண்டு சின்ன எல்இடிகள். அவற்றை எரியவைப்பது, கேபிளின் சிக்னலைக் கையாளும் பிஹெச்ஒய் சிப். எந்த விளக்கு லிங்க்கைக் காட்டும், எது டேட்டா போனால் மினுக்கும் என்பதை அதனுள் செட்டிங்கை வைக்கும் இடமான ரெஜிஸ்டர் ஒன்று முடிவு செய்கிறது. நீங்கள் டிரைவரில் ஒரு ஹெக்ஸ் எண்ணை அந்த ரெஜிஸ்டரில் எழுதிவிடுகிறீர்கள், அல்லது லெட்-மோட் என்று சொந்தமாக ஒரு பிராப்பர்ட்டி (டிவைஸ் ட்ரீயில் எழுதும் பெயரும் மதிப்பும்) கண்டுபிடித்து அதே எண்ணை டிவைஸ் ட்ரீயில் வைக்கிறீர்கள். அந்த எண் போர்டைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை, உங்கள் விருப்பத்தைத்தான் சொல்கிறது. சிப்பை மாற்றினால் அர்த்தமும் மாறிவிடும். சிப் தட்டுப்பாட்டில் பிஹெச்ஒய்யை மாற்றிப் போட்ட நாட்களை நீங்களே மறந்திருக்க மாட்டீர்கள். 2023-ல் வந்த 6.4, 6.5 கெர்னல்கள் இதற்கு வழி செய்துவிட்டன. பிஹெச்ஒய்யின் அடியில் லெட்ஸ் என்று ஒரு நோட் (டிவைஸ் ட்ரீயில் ஒரு பிரிவு) வைத்து, எத்தனையாவது எல்இடி, என்ன நிறம் என்று மட்டும் எழுதுங்கள். லிங்க், ஆர்எக்ஸ் (டேட்டா வருவது), டிஎக்ஸ் (டேட்டா போவது) எல்லாம் கெர்னலின் நெட்டெவ் ட்ரிகர் பார்த்துக்கொள்ளும். சிப்பால் தானே செய்ய முடிந்தால் கெர்னல் வேலையைச் சிப்பிடம் ஒப்படைக்கும், முடியாவிட்டால் சாஃப்ட்வேரிலேயே மினுக்கும். டிரைவரில் அதற்கான சில ஃபங்ஷன்களை நீங்கள் எழுத வேண்டியிருக்கும். எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன். அதைக் கெர்னலின் பொது மூலமான மெயின்லைனுக்கு அனுப்பினால் அதே சிப்பைப் போடும் பக்கத்து யூனிட்டுக்கும் உதவும்.

அடுத்த போர்டின் டிடிஎஸ் ஃபைலை (டிவைஸ் ட்ரீயின் மூல ஃபைல்) வெளியிடும் முன், கெர்னலோடு வரும் டிடிபி ஸ்கீமா சோதனையை ஒருமுறை ஓட்டிவிடுங்கள். சொந்தமாகக் கண்டுபிடித்த பிராப்பர்ட்டிகளை அதுவே காட்டிக்கொடுக்கும். ஏற்கெனவே தோட்டங்களில் ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிகளின் பழைய பிராப்பர்ட்டிகளை மட்டும் டிரைவரிலிருந்து எடுத்துவிடாதீர்கள். அந்த டிடிபிகள் இன்னும் பல வருடம் அங்கேயே இருக்கும், புதுக் கெர்னலும் அவற்றைப் படித்தாக வேண்டும்.

இப்படிக்கு,
பாலக்கோடு பக்கம் உங்கள் பெட்டிகளைப் பராமரிப்பவன்