பழைய ஸ்டேஷன்ல கடை போடப்போற என் பொண்ணுக்கு

கண்ணு,

நீ அனுப்பின போட்டோ, பிளான் எல்லாத்தையும் பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பார்த்துட்டேன். உங்கப்பா அந்தப் பிளானை பிரிண்ட் எடுத்துட்டு வந்து ஸ்கேல் வெச்சு அளந்துட்டு உக்காந்திருக்காரு. பழைய ரயில்வே ஸ்டேஷனை ஃபுட் ஹாலா, அதாவது ஒரே ஹால்ல நிறைய சாப்பாட்டு ஸ்டால் இருக்கற எடமா மாத்தறாங்க, அதுல உனக்கு ஒரு ஸ்டால் கிடைக்கும்னு நீ போன்ல சொன்னப்ப சந்தோஷத்துல எனக்கு ஒண்ணும் பேச வரல, நீயும் நிறுத்தாம பேசிட்டே இருந்த, அதான் இப்ப எழுதறேன். முதல்லயே சொல்லிடறேன், ஸ்டால் எடுத்துக்கோ. இந்த மாதிரி இடம் எல்லாருக்கும் அமையாது, நீயும் இத்தனை வருஷமா அடுத்தவங்க கிச்சன்ல நின்னு வெந்தது போதும். ஆனா கையெழுத்து போடறதுக்கு முன்னாடி மெனு, போர்டு, லோகோ எல்லாத்தையும் ஓரமா வெச்சுட்டு கட்டடத்தைப் பாரு. புதுசா கட்டின மால்னா நாம கேக்கறத செஞ்சு தருவாங்க, பழைய ஸ்டேஷன்ல அது நடக்காது, அங்க புகை எங்க போகும் தண்ணி எங்க போகும் சத்தம் எங்க போகும்னு அந்தக் கட்டடம் எப்பவோ முடிவு பண்ணி வெச்சிருக்கு, நம்ம சமையல்தான் அதுக்கு வளைஞ்சு கொடுக்கணும்.

நீ ஆசைப்படற அந்த ஸ்டால், பெரிய கடிகாரத்துக்கு நேர் கீழ இருக்கறது, எனக்கு மனசு ஒப்பல. ஏன்னு சொல்றேன். மூணாவது போட்டோல தரையைப் பாரு. மெயின் வாசல்லேர்ந்து பழைய டிக்கெட் கவுன்ட்டர் வரைக்கும், அங்கேர்ந்து பிளாட்பாரக் கதவு வரைக்கும், கல்லு ஒரு பட்டையா தேஞ்சு வழவழன்னு இருக்கு, ரெண்டு பக்கமும் இருக்கற கல்லு இன்னும் சொரசொரப்பு போகாம அப்படியே இருக்கு. அத்தனை வருஷமா ஜனங்க நடந்த வழி அது. கடிகாரத்துக்குக் கீழ இருக்கற ஸ்டால் சரியா அந்தப் பட்டை மேல வருது. ஜனங்க நடக்கற வழில கடை இருந்தா நல்லதுதானேன்னு தோணும், ஆனா அங்க வர்றவங்க அண்ணாந்து கடிகாரத்தைப் பார்ப்பாங்க, போட்டோ எடுப்பாங்க, பின்னாடி வர்றவங்க இடிச்சதும் நகர்ந்துடுவாங்க, சாப்பிடணும்னு தோணறதுக்குள்ள உன்னைத் தாண்டிப் போயிடுவாங்க. க்யூ நின்னா வழி அடைபடும், வழி அடைபட்டா தீ விபத்து வந்தா வெளியேற முடியாதுன்னு சொல்லி மேனேஜ்மென்ட் உன் க்யூவைத்தான் கலைக்கும். அந்தப் பட்டை திரும்பற எடத்துல, பழைய வெயிட்டிங் ரூம் பக்கமா ரெண்டு ஸ்டால் காட்டியிருக்காங்க பாரு, அதுல சுவத்தோரமா இருக்கறதைக் கேளு. உள்ள நுழையறவங்க கண்ணுக்கு நேரா தெரியும், நின்னு யோசிக்க எடம் இருக்கு, பெஞ்சும் பக்கத்துலயே இருக்கு.

ஸ்டேஷன்ங்கறது கிளம்பிப் போறவங்களுக்காகக் கட்டினது, உனக்கு வேண்டியது உக்காந்து சாப்பிடறவங்க. இது எனக்கு பெருசா படுது. நீ சொன்னதுலேர்ந்து ராத்திரி தூக்கம் வராம இந்த மாதிரி இடங்களைப் பத்தி தேடித்தேடி படிச்சுட்டு இருக்கேன், படிக்கப் படிக்க ஆசையா இருக்கு. பாரிஸ்ல ஓர்சேன்னு ஒரு ஸ்டேஷன், 1900ல உலகக் கண்காட்சிக்காகத் திறந்தது, அப்புறம் ரயில் நீளமாயிட்டே போச்சு, பிளாட்பாரம் பத்தல, 1939க்கு அப்புறம் தூரத்து வண்டியெல்லாம் அங்க வர்றதே நின்னு போச்சு. இடிச்சுட்டு ஹோட்டல் கட்டலாம்னு கூட பேச்சு வந்துச்சு, நல்லவேளை தப்பிச்சு 1986ல மியூசியமா மாறிடுச்சு. அங்க இருக்கற ரெஸ்டாரன்ட், அந்த ஸ்டேஷனோட பழைய ஹோட்டல் டைனிங் ஹாலேதான்.

லண்டன் செயின்ட் பேங்க்ரஸ் இன்னும் சுவாரசியம். 1868ல திறந்தது, நடுவுல ஒரு தூண் கூட இல்லாம கிட்டத்தட்ட 73 மீட்டர் அகலத்துக்குக் கூரை. அது பாட்டுக்கு இருக்கட்டும், எனக்குப் பிடிச்சது பிளாட்பாரத்துக்கு அடில இருக்கற தளம். வெளியூர்லேர்ந்து ரயில்ல வர்ற பீர் பீப்பாயை அடுக்கி வெக்கறதுக்காகக் கட்டினது அது, ரெண்டு தூணுக்கு நடுவுல எவ்வளவு இடைவெளின்னு அந்தப் பீப்பாய் கணக்குல முடிவு பண்ணியிருக்காங்க. இப்ப அதே தூணுங்களுக்கு நடுவுல கடையும் காபி ஷாப்பும் இருக்கு. உன் ஸ்டேஷன்லயும் தூண் இடைவெளி எதுக்காகவோ வெச்சதுதான், உன் ஃப்ரிட்ஜ் அளவுக்காக இல்ல, அதனால சாமான் ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி தூணுக்கும் தூணுக்கும் நடுவுல நீயே டேப் வெச்சு அள. பிளான்ல போட்டிருக்கறதை நம்பாத, பழைய கட்டடத்துல எந்த சுவரும் நேரா இருக்காது.

இன்னொண்ணு, ஃபிலடெல்ஃபியால ரெடிங் டெர்மினல். அங்க ஸ்டேஷனுக்கு முன்னாடியே சந்தை இருந்துச்சு. ரயில் கம்பெனி வந்து எடத்தை வாங்கினப்ப வியாபாரிங்க நகர மாட்டோம்னு நின்னுட்டாங்க, கடைசில மேல தண்டவாளம் கீழ சந்தைன்னு கட்ட வேண்டியதாப் போச்சு, 1893ல திறந்தாங்க. 1984ல ரயில் நின்னுடுச்சு, சந்தை இன்னும் நடக்குது. படிச்சப்ப எனக்கு அவ்வளவு நிம்மதியா இருந்துச்சு, ரயிலை விட அடுப்பு அதிக நாள் நிலைச்சிருக்கு பாரு.

சரி, புகைக்கு வரேன். இதுதான் எனக்கு ரொம்ப முக்கியம், இதை ரெண்டு தடவை படி.

ஹால் அவ்வளவு உசரமா இருக்கே, புகை தானா மேல போயிடும்னு ஒருத்தர் சொன்னாருன்னு சொன்ன இல்ல, அப்படி இல்லடி. சூடான காத்து மேல போகும், சரிதான், ஆனா போற வழில ஆறிடுச்சுன்னா அங்கயே நின்னுடும், எண்ணெய் ஆவி கூரைல படியும், கொஞ்ச நாள்ல ஹால் பூரா பொரிச்ச வாசனை, எந்த ஸ்டால் சாப்பாடும் ஒரே மாதிரி மணக்கும். நீராவி எஞ்சின் காலத்து ஸ்டேஷன் கூரைல புகை போகறதுக்குன்னு உச்சில திறப்பு வெச்சிருப்பாங்க, ரிப்பேர் பண்றப்ப மழை, புறா உள்ள வரக்கூடாதுன்னு அதைக் கண்ணாடி போட்டு மூடிடறது உண்டு. உங்க ஸ்டேஷன்ல அது திறந்திருக்கா மூடியாச்சான்னு கேளு. அப்புறம் உன் அடுப்பு மேல புகையை இழுக்கற ஹூட்லேர்ந்து டக்ட், அதான் புகையை வெளில கொண்டு போற குழாய், எந்த வழியா போய் எங்க வெளில வருதுன்னு வரைபடத்துல விரல் வெச்சுக் காட்டச் சொல்லு. பாதுகாக்கப்பட்ட கட்டடம், முன்பக்க சுவத்துலயும் கூரைலயும் ஓட்டை போட விட மாட்டாங்க, அதனால டக்ட் சுத்திச் சுத்தி பின்பக்கம் போகும், டக்ட் நீளமானா ஃபேன் இழுக்கற வேகம் குறையும், வளைவுல எல்லாம் எண்ணெய் தங்கும், அந்த எண்ணெய்தான் தீப்பிடிக்கிறது. நடுநடுவுல திறந்து சுத்தம் பண்ண கதவு இருக்கா, யார் சுத்தம் பண்ணுவாங்க, யார் காசு, எழுத்துல வாங்கு. நான் வேலை பார்த்த ஒரு எடத்துல கிச்சன் திறந்தப்புறம்தான் எக்ஸாஸ்ட்டைப் பத்தியே யோசிச்சாங்க, ஃபில்டரைக் கழட்டினா தேன் மாதிரி எண்ணெய் வழியும், நாங்க கண்ணு எரிய எரிய நின்னு சமைச்சோம், நீ அப்படி நிக்கக் கூடாது.

ரோம்ல டெர்மினி ஸ்டேஷன்ல 2016ல ஒரு ஃபுட் ஹால் திறந்திருக்காங்க, அங்க நடு ஹால்ல பளிங்குல ஒரு பிரம்மாண்டமான புகைக்கூண்டு இருக்கு, பழைய காலத்து ஆர்க்கிடெக்ட் ஆஞ்சொலோ மட்சோனி வடிவமைச்சது. போட்டோல பார்த்துட்டு உங்கப்பாகிட்ட காட்டினேன், நம்ம பொண்ணுக்கும் தலைக்கு மேல இப்படி ஒண்ணு கிடைச்சா எவ்வளவு நல்லாருக்கும்னு.

கேஸ் கிடையாது, கரன்ட் மட்டும்தான்னு சொல்லிட்டா பயப்படாத. இண்டக்‌ஷன்ல அடுப்பைச் சுத்தி சூடு கம்மி, ஹூட் வேலையும் கம்மி, கண்ணாடிக் கூரைக்கு அடில வெயில் காலத்துல நீ நிக்கணும் இல்ல, அதுக்கும் நல்லது. ஆனா ஒரு கமர்ஷியல் இண்டக்‌ஷன் அடுப்பே 3.5 கிலோவாட் இழுக்கும், ஓவன், ஃப்ரிட்ஜ், பாத்திரம் கழுவற மெஷின் எல்லாத்தையும் கூட்டிப் பார்த்துட்டு, எல்லாம் ஒரே நேரத்துல ஓடினாலும் தாங்கற லைன் உன் ஸ்டாலுக்குன்னு தனியா வருதான்னு கேளு. அப்படி வராதுன்னா மெனுவைக் குறை. பெரிய தீயில சட்டுனு வதக்கற ஐட்டத்தை விட்டுட்டு, காலைலயே பண்ணி சூட்டோட வெச்சுக் குடுக்கற ஐட்டம், வேக வெக்கறது, சுடறதுன்னு யோசி.

தண்ணி விஷயம் சுருக்கமா சொல்றேன். தண்ணி வர்றது பெருசில்ல, போறதுதான் பெருசு. பழைய கல் தரையைத் தோண்ட விட மாட்டாங்க, பைப்புக்கு சரிவு கிடைக்காது, அதனால பம்ப் வெச்சுத் தள்ளுவாங்க, பம்ப் நின்னா உன் சிங்க்ல அடுத்தவங்க தண்ணி ஏறும். பழைய கழிப்பறைப் பக்கம் இருக்கற ஸ்டால்ல இந்தத் தொல்லை கம்மியா இருக்கும், நான் சொல்ற வெயிட்டிங் ரூம் சுவத்துக்குப் பின்னாடிதான் அது இருக்கு, அந்த சுவத்தைக் கேக்கறதுக்கு இதுவும் ஒரு காரணம். கழுவற தண்ணில வர்ற எண்ணெயைப் பிடிச்சு வெக்கற கிரீஸ் டிராப் உனக்குத் தனியா வேணும்னு கேளு, பொதுவா ஒண்ணு வெச்சா யாரும் தொட மாட்டாங்க.

சத்தத்தைப் பத்தி யாருமே உன்கிட்ட சொல்லியிருக்க மாட்டாங்க. கல்லு, டைல்ஸ், கண்ணாடி, உசரமான வளைவுக் கூரை, இதுல எதுவும் சத்தத்தை உள்ள வாங்கிக்காது, திருப்பித்தான் அனுப்பும். நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ஸ்டேஷன்ல கீழ்த்தளத்துல 1913லேர்ந்து ஒரு ரெஸ்டாரன்ட் இருக்கு, அது வாசல்ல டைல்ஸ் வெச்ச வளைவுக் கூரை, ஒரு மூலைல சுவத்தைப் பார்த்து கிசுகிசுன்னு பேசினா எதிர் மூலைல நிக்கறவங்களுக்கு தெளிவா கேக்குமாம். ரகசியம் பேசினாலே அப்படின்னா, முப்பது ஸ்டால்ல ஆர்டர் நம்பரைக் கத்தினா என்ன ஆகும்னு நினைச்சுப் பாரு. நீ கத்தாத. நம்பர் டிஸ்ப்ளே வெச்சுக்கோ, இல்ல கைல குடுத்து அனுப்பற வைப்ரேட் ஆகற பஸ்ஸர் வாங்கு. ஸ்டீல் டிரே மேல ஸ்டீல் டிரே போடறப்ப நடுவுல ரப்பர் மேட் போடு. கவுன்ட்டருக்கு அடிப்பக்கம், ஸ்டால் கூரையோட உள்பக்கம் சத்தம் உறிஞ்சற பேனல் ஒட்டலாம், வெளில தெரியாது. வயசானவங்க, காது மந்தமானவங்க, சின்னக் குழந்தையோட வர்றவங்க எல்லாரும் நிம்மதியா நின்னு கேட்டு வாங்கற மாதிரி உன் கவுன்ட்டர் இருந்தா, அவங்க மறுபடி வருவாங்க.

அப்புறம் ஒரு விஷயம், நாலாவது போட்டோல பச்சை டைல்ஸ் சுவத்துல யாரோ ட்ரில் போட்டு ஒரு போர்டு மாட்டியிருக்காங்க, டைல்ஸ் நட்சத்திரம் மாதிரி விரிசல் விட்டிருக்கு. பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கிடுச்சு. அந்த டைல்ஸை சுட்டவங்க இப்ப இல்ல, அந்தப் பச்சை திரும்ப வராது. நீ ஒரு ஆணி கூட சுவத்துல அடிக்கக் கூடாது. உன் ஸ்டால் தன் கால்ல தானே நிக்கணும், போல்ட் கழட்டினா நாலு பேர் தூக்கிட்டுப் போற மாதிரி இருக்கணும், நீ காலி பண்ற அன்னிக்கு நீ அங்க இருந்ததுக்கு ஒரு கீறல் மிஞ்சக் கூடாது. நியூயார்க்ல பென் ஸ்டேஷனை 1963ல இடிக்க ஆரம்பிச்சாங்க, ஊரே பதறிப்போய்தான் 1965ல பழைய கட்டடங்களைக் காப்பாத்த அங்க சட்டம் வந்துச்சு. 1964ல வெனிஸ்ல நிபுணர்கள் கூடி எழுதின சாசனத்துலயும், பழைய கட்டடத்தை நல்ல காரியத்துக்குப் பயன்படுத்துங்க, ஆனா அதோட அமைப்பையும் அலங்காரத்தையும் மாத்தாதீங்கன்னுதான் இருக்கு. இரும்புத் தூண்ல உரியற பெயின்ட்டையும் நீயா தேய்க்காத, பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கலாம், அந்தத் தூசி சாப்பாட்டுல விழக் கூடாது, சோதிச்சு ரிப்போர்ட் குடுக்கச் சொல்லு.

வாடகையைப் பத்தி உங்கப்பா தனியா பேசறேன்னாரு, இருந்தாலும் ஒண்ணு. அடிப்படை வாடகை போக விற்பனைல ஒரு பங்கு கேக்கறாங்கன்னா, அந்தப் பங்கு வரியோட சேர்த்தா வரி போகவா, ஆப்ல வர்ற ஆர்டரும் அதுல வருமா, டேபிள் துடைக்கறது, பாத்திரம் கழுவறது யார் கணக்கு, இது நாலையும் தெளிவு பண்ணிக்கோ. திறந்த முதல் மாசக் கூட்டத்தை வெச்சு கணக்கு போடாத, அது கட்டடத்தைப் பார்க்க வர்ற கூட்டம். மழை பெய்யற செவ்வாய்க்கிழமை மத்தியானம் எத்தனை பேர் வருவாங்கன்னு நினைச்சு போடு.

வர்ற வாரம் போறப்ப காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை போ. சுவத்தோர ஸ்டால் எடத்துல ஒரு பத்து நிமிஷம் சும்மா நின்னு வீடியோ எடுத்து அனுப்பு, வெயில் எங்க விழுதுன்னும் ஜனங்க எந்தப் பக்கம் திரும்பறாங்கன்னும் நாங்க பார்க்கறோம். டக்ட் வரைபடம் கைக்கு வராம கையெழுத்து போடாத. உங்கப்பா அந்த சுவத்தோர ஸ்டாலுக்கு கழட்டி மாட்டற மாதிரி ஒரு கவுன்ட்டர் வரைஞ்சிருக்காரு, இதோட சேர்த்து அனுப்பறேன், உன் உசரத்துக்குத்தான் மேடை வெச்சிருக்காரு, சரியா இருக்கான்னு நின்னு பார்த்துட்டு சொல்லு.

அம்மா