பெயர் முன்சப்பை, உள்ளே கலப்புக் கறி: தவறான சமையல் அட்டை குறித்தும் ஒரு புகார்

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு

பொருள்: எலும்பு நீக்கிய மட்டன் முன்சப்பை (முன்னங்காலின் மேல்பகுதிக் கறி), 1 கிலோ உறைநிலைப் பாக்கெட். உள்ளிருந்த கறி, அச்சிட்ட கொழுப்பு அளவு, சமையல் அட்டை ஆகியவற்றில் உள்ள பிழைகள்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

'ஆரோக்கிய உணவு' என்ற வரிசையில் நீங்கள் விற்கும் எலும்பில்லாத முன்சப்பைக் கறியில் 5 பாக்கெட் வாங்கினோம். பணத்தைத் திரும்பக் கேட்பதற்காக மட்டும் இதை எழுதவில்லை. மேலே ஒட்டியிருந்த பெயர் ஒன்று, உள்ளே இருந்த கறி வேறு. அதைவிடக் கவலை தருவது கூடவே வைத்து அனுப்பும் சமையல் அட்டை. அதில் உள்ளபடி செய்தால் நல்ல கறியும் வீணாகும். மூன்று இடங்களில் சாப்பிடுகிறவர் உடம்புக்கே கேடு.

முதலில் எடைக் கணக்கு. ஒரு பாக்கெட்டை ஃபிரிட்ஜிலேயே பனி இளகவிட்டுப் பிரித்தோம். கீழே இறங்கிய நீர் 65 கிராம். உறையவைத்த கறியில் ஓரளவு நீர் இறங்குவது இயல்புதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் 'எலும்பில்லாதது' என்று எழுதிய பாக்கெட்டில் விலா எலும்புத் துண்டுகள் 85 கிராம் இருந்தன. துண்டுகளின் மேலே வெள்ளையாகத் தடித்து நின்ற கொழுப்பைக் கத்தியால் எடுத்து நிறுத்தால் 140 கிராம். மிஞ்சியது 710 கிராம். பாக்கெட்டின் பின்பக்கமோ 100 கிராமுக்குக் கொழுப்பு 3 கிராம் என்கிறது. கொழுப்புத் திசுவில் கொஞ்சம் நீரும் சவ்வும் உண்டு; அதற்காகக் கால் பங்கைக் கழித்தாலும், வெட்டியெடுத்தது மட்டுமே 100 கிராமுக்கு 10 கிராமைத் தாண்டுகிறது. நீங்கள் அச்சிட்டிருப்பது கொழுப்பு முழுக்க நீக்கிய வெறும் சதையின் அளவு. அப்படியானால் கொழுப்பை நீக்கி அனுப்புங்கள். இல்லையென்றால் அனுப்புகிற கறியை ஆய்வுக்குக் கொடுத்து, வருகிற எண்ணைப் போடுங்கள். மருத்துவர் கொழுப்பைக் குறைக்கச் சொன்னவர்தான் இந்த வரிசையைத் தேடி வாங்குவார். அவர் நம்புவது அந்த ஓர் எண்ணைத்தான்.

மிஞ்சிய 710 கிராமும் முன்சப்பை இல்லை. முன்சப்பையை வெட்டிப் பார்த்தாலே தெரியும்: சிறுசிறு தசைகள் வெவ்வேறு திசையில் ஓடும், நடுநடுவே ஜவ்வும் கொழுப்பும் கோடு கோடாக இருக்கும். இந்தப் பாக்கெட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குத் துண்டுகளில் நார் ஒரே திசையில் நீளமாக ஓடியது, ஜவ்வே இல்லை. அது பின்னந்தொடை. தொடைக்கறி மட்டமானது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டால் முன்சப்பை மெதுவாகும் நேரத்தில் தொடை வறண்டு நார்நாராகிவிடும். தொடை பதமாக இருக்கும்போது இறக்கினால் முன்சப்பை ரப்பர் மாதிரி இருக்கும். எவ்வளவு கவனமாகச் சமைத்தாலும் பாதிப் பேர் தட்டில் குறை இருந்தே தீரும்.

இன்னொன்று, பாக்கெட்டில் 'மட்டன்' என்று மட்டும் இருக்கிறது. வெள்ளாடா செம்மறியா என்று எங்கும் இல்லை. வெள்ளாட்டில் கொழுப்பு குறைவு, செம்மறியில் கூடுதல். வேகும் நேரமும் ஆட்டின் வயதைப் பொறுத்து மாறும். இந்த இரண்டு விவரமும் ஒட்டுத்தாளில் ஒரே வரியில் அடங்கும்.

ஐந்தில் ஒரு பாக்கெட்டின் மூலையில் சிவப்பு நீர் கட்டியாக உறைந்திருந்தது. துண்டுகள் அந்தப் பக்கமாகச் சரிந்து, ஒன்றோடொன்று அழுந்தித் தட்டையாகியிருந்தன. வழியில் இளகி, மறுபடி உறைந்த கறிக்கு இதுவே அடையாளம். இப்படி மெதுவாக உறையும்போது பெரிய பனிப்படிகங்கள் உண்டாகித் தசைநாரைக் கிழித்துவிடும். அதனால்தான் அந்தப் பாக்கெட்டில் மட்டும் 110 கிராம் நீர் இறங்கியது. எத்தனை மணி நேரம் எவ்வளவு சூட்டில் இருந்தது என்று தெரியாததால் அதைச் சமைக்காமல் தள்ளிவிட்டோம். உங்கள் வண்டியில் வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறாமல் இருந்ததா என்ற பதிவைப் பார்த்துச் சொல்லுங்கள்.

கறியின் நிறத்தைப் பற்றி எங்களுக்குப் புகார் இல்லை. காற்று நீக்கிய பாக்கெட்டில் கறி கருஞ்சிவப்பாக, கொஞ்சம் ஊதா கலந்துதான் இருக்கும். பிரித்து அரை மணி நேரம் காற்றுப்பட வைத்தால் சிவப்பு திரும்பும். பிரித்ததும் எழும் அடைபட்ட வாடையும் சில நிமிடங்களில் போய்விடும். போகாமல் புளித்த வாடையாக நின்றாலோ, பாக்கெட் உப்பியிருந்தாலோ, கறி கொழகொழவென்று கையில் ஒட்டினாலோ அது கெட்ட கறி. அட்டையில் எழுத வேண்டியது இதைத்தான். தெரியாதவர்கள் நல்ல கறியைத் தூக்கிப் போடுகிறார்கள், கெட்டதை மசாலா போட்டு மறைத்துவிடுகிறார்கள்.

இனி அந்த அட்டை. முதல் வரியே 'பாக்கெட்டை வெளியே 6 மணி நேரம் வைத்து இளகவிடவும்' என்கிறது. தயவுசெய்து இதை உடனே எடுத்துவிடுங்கள். நடுப்பகுதி பனிக்கட்டியாக இருக்கும்போதே மேற்புறம் அறைச் சூட்டுக்கு வந்துவிடும். 5 முதல் 60 டிகிரி வரை கிருமிகள் வேகமாகப் பெருகும் சூடு. ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், ஒரு தட்டுக்குள் வைத்து, 1 கிலோவுக்கு ஓர் இரவு முழுக்கக் கொடுப்பதே சரி. அவசரமென்றால் பாக்கெட்டைப் பிரிக்காமல் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி, 30 நிமிடத்துக்கு ஒருமுறை நீரை மாற்றினால் சுமார் 2 மணி நேரத்தில் இளகும். அப்படி இளக்கியதை உடனே சமைத்துவிட வேண்டும். அடுத்த வரியில் 'வெதுவெதுப்பான நீரில் மூன்று முறை அலசவும்' என்றிருக்கிறது. அலசுவதால் கிருமி போகாது; தெறிக்கும் நீர் தொட்டியிலும் பக்கத்தில் இருக்கும் காய்கறியிலும் அதைப் பரப்பும். ஈரத்தைத் தாளால் ஒற்றியெடுத்தால் போதும்.

'எலுமிச்சைச் சாற்றில் இரவு முழுக்க ஊறவைத்தால் பஞ்சு போல் வேகும்' என்பதும் தவறு. புளிப்பு ஊறுவது சில மில்லிமீட்டர் ஆழம்தான். மேற்புறம் மாவாகக் கரைந்து போகும், உள்ளே ஜவ்வு ஜவ்வாகவே இருக்கும். முந்தின இரவு செய்ய வேண்டியது உப்புப் பிசறி வைப்பதுதான்.

எங்களுக்கு மிகவும் வருத்தம் தந்தது சமையல் முறை. 'அதிகத் தீயில் 20 நிமிடம் வதக்கி, தண்ணீர் வற்றியதும் இறக்கவும்.' இது முன்சப்பைக்கான முறையே இல்லை. ஆடு நடக்கும்போது உடல் எடையில் பாதிக்கு மேல் முன்னங்கால்களில்தான் இறங்குகிறது. ஓயாமல் உழைக்கும் தசை என்பதால் அங்கே ஜவ்வு அதிகம். 60 டிகிரியைத் தாண்டினால் தசைநாரும் ஜவ்வும் சுருங்கி, ஈரத்தைப் பிழிந்து வெளியே தள்ளும். 70-க்கு மேல் போய், அந்தச் சூட்டிலேயே நீண்ட நேரம் நின்றால்தான் ஜவ்வு கரைந்து வழுவழுப்பான ஜெலட்டின் ஆகும். கறி மிகக் கடினமாக இருக்கும் கட்டம் இந்த இரண்டுக்கும் நடுவில் வருகிறது. உங்கள் அட்டை சரியாக அந்த இடத்தில் அடுப்பை அணைக்கச் சொல்கிறது. கடித்துப் பார்த்துவிட்டு 'முற்றின ஆடு' என்று கறியின் மேல் பழி போடுவார்கள், அல்லது தீயைக் கூட்டிக் கறியை அடிப்பிடிக்க வைப்பார்கள். அங்கே தேவை தீ இல்லை, நேரம்.

இந்தக் கறிக்கு எழுத வேண்டியது இதுதான். மேல்கொழுப்பையும் மினுங்கும் வெள்ளைத் தோலையும் சீவிவிட்டு 4 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்ட வேண்டும். அதற்கும் சிறிதாக வெட்டினால் ஜவ்வு கரைவதற்குள் துண்டு உதிர்ந்துவிடும். 1 கிலோவுக்கு 10 கிராம் உப்புப் பிசறி, மூடி, இரவு ஃபிரிட்ஜில் வைக்கலாம். மறுநாள் ஈரம் ஒற்றி, 2 தேக்கரண்டி எண்ணெயில் இரண்டு தவணையாகச் சிவக்க வைக்க வேண்டும். மொத்தத்தையும் ஒன்றாகக் கொட்டினால் நீர் விட்டு வேகுமே தவிரச் சிவக்காது. பிறகு துண்டுகள் பாதி மூழ்கும் அளவு நீர், மூடி, சிறு குமிழி மட்டும் எழும் தீயில் 2 முதல் 2½ மணி நேரம். குக்கரானால் முதல் விசிலுக்குப் பின் சிம்மில் 25 நிமிடம், வயதான ஆட்டுக்கு 35. வெயிட்டைத் தூக்கி ஆவியைச் சட்டென்று வெளியேற்றக் கூடாது. அழுத்தம் திடீரென இறங்கினால் துண்டுக்குள்ளிருக்கும் நீரும் கொதித்து வெளியேறும், கறி வறண்டுவிடும். தானாக அடங்கட்டும். முள்கரண்டியைக் குத்தித் திருப்பினால் துண்டு தானே பிரிய வேண்டும், அதுவே பதம். காய்கறி சேர்ப்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

உப்பைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். அட்டையில் 4 பேருக்கு 2 மேசைக்கரண்டி உப்பு என்று அச்சாகியிருக்கிறது. தட்டையாக அளந்தாலும் அது சுமார் 35 கிராம், ஆளுக்கு 9 கிராம் பக்கம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுமைக்கும் சொல்வதே 5 கிராமுக்குக் கீழ். தேக்கரண்டி என்பது மேசைக்கரண்டி என்று மாறி அச்சாகியிருக்கலாம். 'ஆரோக்கிய உணவு' என்ற தலைப்பின் கீழ் அந்தப் பிழையை அப்படியே விட்டுவைக்க முடியாது.

அளவும் சரியில்லை. 710 கிராம் பச்சைக் கறி வெந்தால் சுமார் 500 கிராம் வரும். நீங்கள் போட்டிருப்பது போல் 4 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 125 கிராம். சிவப்பு இறைச்சி வாரத்துக்கு வெந்த எடையில் 350 முதல் 500 கிராமுக்குள் இருக்கட்டும் என்பது உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியத்தின் பரிந்துரை. வாரம் நான்கு முறை சாப்பிட்டால் மேல்வரம்பைத் தொட்டாயிற்று. 6 பேருக்கு என்று மாற்றி, ஆளுக்கு 85 கிராம் கறியுடன் பருப்போ பயறோ ஒரு பங்கும், காய்கறி இரண்டு பங்கும் சேர்க்கச் சொல்லுங்கள். கறியோடு சாப்பிடும்போது பயறில் உள்ள இரும்புச் சத்தும் கூடுதலாக உடம்பில் சேரும். கொழுப்பைக் குறைக்க இந்தக் கறிக்கு எளிய வழி ஒன்று உண்டு, அது அட்டையில் இல்லவே இல்லை: முந்தின நாளே வேகவைத்து, ஆற்றி, குழம்பை ஃபிரிட்ஜில் வைத்தால் காலையில் ஆட்டுக்கொழுப்பு மேலே வெள்ளைத் தட்டு மாதிரி உறைந்து நிற்கும். ஓரத்தில் கரண்டியை விட்டு நெம்பினால் ஒரே வில்லையாகக் கழன்று வரும்.

ஆற்றும் முறையிலும் அட்டை தவறு செய்கிறது. 'இரவு முழுக்க அடுப்பின் மேலேயே ஆறவிட்டுக் காலையில் ஃபிரிட்ஜில் வைக்கவும்' என்கிறது. கொதித்த பிறகும் சாகாத கிருமி வித்துகள் உண்டு. பெரிய பாத்திரத்தில் மெல்ல ஆறும் இறைச்சிக் குழம்பு அவை முளைக்க ஏற்ற இடம். 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் இல்லாத பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போக வேண்டும். 4 டிகிரியில் 3 முதல் 4 நாள் தாங்கும். எடுத்ததைத் தேவையான அளவு மட்டும், ஆவி பறக்கக் கொதிக்கவிட்டுச் சாப்பிட வேண்டும்.

நாங்கள் கேட்பது: எலும்பும் தொடையும் கலந்த 4 பாக்கெட்டுக்கு மாற்றுக் கறி, இளகி உறைந்த ஒன்றுக்கு முழுப் பணம். கொழுப்பு அளவைத் திருத்தி, வெள்ளாடா செம்மறியா என்பதையும் சேர்த்த புதிய ஒட்டுத்தாள். இளக்குவது, உப்பு, ஆற்றுவது ஆகிய மூன்று வரிகளைப் பொறுத்தவரை புது அட்டை அச்சாகும் வரை காத்திருக்க வேண்டாம். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு இன்றே குறுஞ்செய்தியாகத் திருத்தம் அனுப்புங்கள். அந்த அட்டையை நம்பி யாரோ ஒருவர் இப்போதும் பாக்கெட்டை வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருப்பார்.

7 நாளுக்குள் எழுத்துமூலம் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்கள்

இணைப்பு: 5 பாக்கெட்டுகளின் ஒட்டுத்தாள் படங்கள், தராசில் எடுத்த படங்கள், சமையல் அட்டையின் நகல்.