ஹில்லியார்டுல பாத்த பழைய கலர் டியூப்

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்க நல்லா இருக்கோம். இங்க அமெரிக்கால கொலம்பஸ்ல குளிர் ஆரம்பிச்சாச்சு, அஞ்சரைக்கெல்லாம் இருட்டிடுது, அம்மா சொன்ன மாதிரி ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுத்தான் வெளிய போறேன்னு சொல்லுங்க. பஸ்ஸை நம்பி எங்கயும் போக முடியாது, கொத்தமல்லி வாங்கக்கூட கார் எடுக்கணும். இங்க நம்ம கடை மாதிரி டிவி ரிப்பேர் கடைன்னு ஒண்ணு என் கண்ணுல படவே இல்லப்பா, கெட்டுப்போனா தெருவோரத்துல கொண்டு வச்சுடறாங்க, நீங்க டிவில ஒரு எல்ஓடி டிரான்ஸ்ஃபார்மர் மாத்த ராத்திரி வரைக்கும் உக்காந்திருந்தது ஞாபகம் வந்து மனசுக்குக் கஷ்டமா இருக்கும்.

ஆனா பக்கத்துலயே ஹில்லியார்டுன்னு ஒரு ஊர்ல பழைய டிவிக்குன்னே எர்லி டெலிவிஷன் மியூசியம்னு ஒண்ணு இருக்கு, போன சனிக்கிழமை போனேன், உங்களை விட்டுட்டு பாக்கறமேன்னு இருந்துச்சு. ஆர்சிஏ கம்பெனியோட சிடி-100 கலர் டிவி செட்டை நேர்ல பாத்தேன்பா! 1954 மார்ச்ல இண்டியானா ப்ளூமிங்டன் ஃபேக்டரில செய்ய ஆரம்பிச்சது, அப்பவே 1,000 டாலர். அதோட பிக்சர் டியூப் நம்பர் 15ஜிபி22. நீங்க கழட்டின டியூப்லாம் பாஸ்பர், அதான் பீம் பட்டா ஒளி விடற பூச்சு, முன் கண்ணாடிலயே பூசியிருக்கும் இல்லியா, இதுல அப்படி இல்ல, வெளில வளைஞ்ச கண்ணாடி, அதுக்கு உள்ள தனியா ஒரு தட்டைக் கண்ணாடி, அதுலதான் 5,85,000 கலர் புள்ளி, அதுக்குப் பின்னாடி தட்டையாவே ஷேடோ மாஸ்க்குங்கற தகடு, அதுல 1,95,000 ஓட்டை. அதனால படம் மீன் தொட்டிக்குள்ள இருக்கற மாதிரி உள்ள தள்ளி நிக்குது. 15 இன்ச் டியூப்னு பேரு, படம் கிடைக்கறது பதினொன்றரை இன்ச்தான். கண்ணாடியும் மெட்டலும் சேர்ற இடத்துல லீக்காகி காத்து ஏறி நிறைய டியூப் செத்துப்போச்சு, அதான் உயிரோட இருக்கறதை இவ்ளோ பொத்திப் பாதுகாக்கறாங்க.

அந்த மாஸ்க்கை எப்படி சாதிச்சாங்கன்னு படிச்சப்பதான் எனக்கு உண்மையாவே மலைப்பா இருந்துச்சு. எலக்ட்ரான் பீமை அனுப்பற மூணு கன்னும் அதது கலர் புள்ளிலதான் அடிக்கணும், லட்சக்கணக்கான புள்ளியை ஓட்டைக்கு நேரா எப்படி வைக்கறது? பிரின்ஸ்டன் ஆர்சிஏ லேப்ல ஹரால்ட் லா ஒரு வழி கண்டுபிடிச்சார், பீம் எந்த இடத்துலேர்ந்து வளைஞ்சு கிளம்புமோ அதே இடத்துல ஒரு லைட்டை வச்சு மாஸ்க் வழியாவே வெளிச்சம் அடிச்சா, வெளிச்சம் விழற இடம்தான் புள்ளி இருக்க வேண்டிய இடம். அவ்ளோதான்பா, அதுக்கப்புறம் உங்க கடைக்கு வந்த ஷேடோ மாஸ்க் டியூப் எல்லாத்துக்கும் மூலம் இந்த வழிதான்.

ஆனா மாஸ்க்குக்கு ஒரு பெரிய குறை, பீம்ல முக்கால்வாசிக்கும் மேல அந்தத் தகட்டுலயே மோதி வீணாப்போகுது, ஸ்க்ரீனுக்கு மிச்சம்தான் வருது. அதனாலயே மாஸ்க் இல்லாம பண்ணணும்னு அந்தக் காலத்துல ஆளாளுக்கு மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தாங்க. சிபிஎஸ்ங்கற டிவி கம்பெனில பீட்டர் கோல்ட்மார்க் கருப்பு வெள்ளை டியூப் முன்னாடி கலர் சக்கரத்தை சுத்த விட்டார், கவர்மென்டும் 1950ல அதைத்தான் ஓகே பண்ணுச்சு, ஆனா வீட்டுல இருந்த பழைய செட்ல அந்தப் படம் வராது, 1951ல ஆரம்பிச்சு அதே வருஷம் நின்னுபோச்சு. வில்லர்ட் கீர்னு ஒரு புரொஃபசர் ஸ்க்ரீன் பூரா குட்டி குட்டி பிரமிடு வச்சு, ஒவ்வொரு பக்கத்துக்கு ஒரு கலர்னு மூணு திசைலேர்ந்து மூணு கன்னால அடிக்கச் சொன்னார்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஃபிலடெல்ஃபியா ஃபில்கோ கம்பெனியோட ஆப்பிள் டியூப்தான். மாஸ்க்கே கிடையாது, ஒரே கன், நெட்டுக்குத்தலா கலர் கோடு, அதுக்குப் பின்னாடி வேற பொருள்ல அடையாளக் கோடு. பீம் அதுமேல படும்போது ஒரு சிக்னல் திரும்பி வரும், இப்ப எந்தக் கலர் மேல நிக்கறோம்னு சர்க்யூட் அதை வச்சு கண்டுபிடிச்சு கண்ணிமைக்கறதை விட வேகமா கலரை மாத்தணும். வால்வு காலத்துல இதை யோசிச்சிருக்காங்க பாருங்க! அந்த வேகத்துக்கு வால்வு சர்க்யூட் கட்டுப்படியாகல, ஆனா ஐடியா தப்பில்ல, 1980கள்ல சோனி இதே வழில இன்டெக்ஸ்ட்ரான்னு செஞ்சாங்க.

சோனின்னதும் நம்ம துபாய் செட்டுங்க ஞாபகம் வருது. அதுக்கு முந்தின கதை எர்னஸ்ட் லாரன்ஸ்கிட்ட போகுது, அணுத்துகளை வேகமாச் சுத்த விடற சைக்ளோட்ரான் மெஷினுக்கு 1939ல நோபல் வாங்கினவர், அவர் செஞ்சது குரோமட்ரான்னு ஒரு கலர் டியூப், ஸ்க்ரீனுக்குப் பின்னாடி மெல்லிசான கம்பிங்க, அதுல வோல்டேஜை மாத்தி மாத்தி பீமை வேண்டிய கலர் கோட்டுக்குத் திருப்பறது. சோனி அந்த லைசென்ஸை வாங்கி 1960கள்ல செட் போட்டு, விக்கற விலையை விட செய்யற செலவு அதிகமாகி நொந்துபோய், விடாம உழைச்சு 1968ல டிரினிட்ரான் டியூபைக் கொண்டுவந்தாங்க. அதுல ஓட்டைக்கு பதிலா நெட்டுக்குத்தலா கம்பி மாதிரி கீறின தகடு, அது ஆடாம இருக்க குறுக்க ஒரு மெல்லிசு கம்பி. ஸ்க்ரீன்ல கீழ்ப்பக்கமா ஒரு கோடு தெரியுதுன்னு கஸ்டமருங்க சண்டைக்கு வர்றப்ப, அது ஃபால்ட் இல்லீங்க, டியூபே அப்படித்தான்னு பொறுமையா சொல்வீங்களே, அதே கம்பிதான்பா.

மாடில அந்த 14 இன்ச் சோனி இன்னும் இருக்கில்ல? காயலாங்கடைக்காரர் வந்தா குடுத்துடாதீங்க. விசா இன்டர்வியூ தேதி வந்ததும் போன் பண்ணுங்க, மியூசியம் சனி ஞாயிறுதான் திறப்பாங்க, நீங்க வர்ற மாசம் அந்த ரெண்டு நாளையும் நான் காலியா வச்சுக்கறேன்.

அன்புடன்,
உங்க மகன்