கானல்நீர் பாடத்தில் ஒரு திருத்தம்

கொழும்பு 06

அன்பின் நண்பருக்கு,

சுகமாக இருக்கிறீரா? ஏப்ரல் 7ஆம் திகதியளவில் சூரியன் எங்களுக்கு நேர் உச்சியில் நிற்கும். வவுனியாவுக்கு வர இன்னும் நாலைந்து நாள். பிள்ளைகளுக்குக் கானல் காட்ட இதுதான் காலம். இங்கே மரைன் டிரைவில் கடற்காற்று எழும்பினால் தரையோடு நிற்கிற சூட்டுக்காற்று கலைந்துவிடும். உங்கள் ஏ9 ரோட்டில் அந்தக் கரைச்சல் இல்லை.

உம்முடைய பாடக்குறிப்பில் ஒரு இடத்தை மாற்றும். காற்றை அடுக்கடுக்கான படைகளாகக் கீறி, கதிர் அவதிக்கோணம் என்ற எல்லைச் சாய்வைத் தாண்டியதும் முழு அகத்தெறிப்பு, அதாவது கண்ணாடியில் பட்டதுபோல முழுதாகத் திரும்புதல், என்று முடித்திருக்கிறீர். அங்கே படையும் இல்லை, தெறிக்கத் தளமும் இல்லை. "கதிர் கிடையாக வந்தபிறகு ஏன் சேர் மேலே திரும்புது?" என்று ஒரு பிள்ளை கேட்டால் அந்தப் படத்தில் பதில் கிடையாது. அலைமுகத்தை, அதாவது கதிருக்குச் செங்குத்தாக நிற்கும் ஒளியலையின் முன்விளிம்பை, கீறும். அதன் அடிப்பக்கம் தார் ரோட்டை ஒட்டிய சூடான, ஐதான காற்றில் சற்று வேகமாக ஓடும், மேற்பக்கம் பிந்தும். அதனால் கிடையாக ஓடும் கதிரும் மேலே வளையும். தண்ணீராகத் தெரிவது அப்படி வளைந்து வந்த வானத்து வெளிச்சம்.

கணக்கு லேசு. காற்றின் முறிவுச்சுட்டி (ஒளியை அது எவ்வளவு மந்தமாக்குகிறது என்பதன் அளவு) மேலே 30 பாகை செல்சியசில் ஏறத்தாழ 1.000264, ரோட்டை ஒட்டி 60 பாகையில் 1.000240. வித்தியாசத்தை இரட்டித்து வர்க்கமூலம் எடுத்தால், மேலே வளையக்கூடிய கதிர் ரோட்டோடு ஆக்கும் ஆகக்கூடிய கோணம் வரும்: 0.007 ஆரையன் (ரேடியன்), அதாவது 0.4 பாகை. கண் 1.5 மீற்றர் உயரத்தில் இருந்தால் 215 மீற்றருக்கு அப்பால்தான் 'தண்ணீர்' தொடங்கும். குந்தியிருந்து பார்த்தால் தூரம் பாதியாகும். கோணம் மாறாததால்தான் நாம் நடக்க நடக்க அதுவும் விலகிப்போகிறது.

வகுப்பில் காட்டச் சீனிப்பாணி போதும். 30 சென்ரிமீற்றர் நீளக் கண்ணாடித் தொட்டியில் பாதிக்குத் தண்ணீர் விட்டு, புனலில் குழாய் மாட்டி, செறிந்த பாணியை அடியில் மெல்ல இறக்கும். மேலிருந்து ஊற்றினால் எல்லாம் கலங்கிவிடும். ஒரு இரவு அசையாமல் இருக்கட்டும். அவசரப்பட்டு உடனே பார்த்தால் எல்லை கூராக நிற்கும். அடியிலிருந்து சாய்வாக விட்ட லேசர் கண்ணாடியில் பட்டதுபோலத் தெறித்து, நாம் வேண்டாமென்ற படத்தையே பிள்ளைகள் மனதில் பதித்துவிடும். மறுநாள் பாணியும் தண்ணீரும் கலந்த இடத்தினூடே லேசரைக் கிடையாக விடும். கதிர் வில்லாகக் கீழே வளையும். ரோட்டில் மேலே, தொட்டியில் கீழே: இரண்டிலும் கதிர் அடர்ந்த பக்கத்துக்குத்தான் திரும்புகிறது. கதிர் மங்கலென்றால் தண்ணீரிலும் பாணியிலும் முதலே சில துளி பால் கலந்துவிடும். லேசர் பிள்ளைகளின் கண் மட்டத்தில் இருக்கவே கூடாது.

வளைவு சரியாக விழுந்தால் படம் எடுத்து அனுப்பும்.

அன்புடன்,
உமது நண்பன்