பிறந்த மாதத்தையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளிடம் ஏடிஎச்டி (கவனக்குறைவும் அளவுமீறிய துறுதுறுப்பும் கொண்ட குறைபாடு) பெருகிவருவதாக உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவள் என்ற முறையில், அதில் விட்டுப்போன ஒன்றைச் சொல்ல வேண்டும்.

ஒரு பிள்ளைமீது இந்தச் சந்தேகம் வந்தால், வகுப்பு ஆசிரியைக்கு ஒரு மதிப்பீட்டுப் படிவம் வரும். ‘இடத்தில் உட்காருவதில்லை’, ‘கேள்வி முடியும் முன்பே பதில் சொல்கிறான்’, ‘பொருட்களைத் தொலைக்கிறான்’ என்று வரிசையாக இருக்கும். எதிரே ‘இல்லை, எப்போதாவது, அடிக்கடி, மிக அடிக்கடி’ என்று நான்கு கட்டங்கள். சரி, ‘அடிக்கடி’ என்பதை எதை வைத்து முடிவு செய்வது? பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை வைத்துத்தான். அந்தப் பிள்ளை பதினொரு மாதம் மூத்ததாக இருக்கலாம். ஆறு வயதில் அது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2012-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அங்கே பள்ளிச் சேர்க்கைக்கான வயதுக் கணக்கு டிசம்பர் 31-உடன் முடிகிறது. அதனால் டிசம்பரில் பிறந்தவர்களே வகுப்பில் சின்னவர்கள். ஜனவரியில் பிறந்த பையன்களைவிட டிசம்பர் பையன்களுக்கு ஏடிஎச்டி என்று சொல்லப்படும் வாய்ப்பு 30 சதவீதம் அதிகமாக இருந்தது. பெண் பிள்ளைகளுக்கு 70 சதவீதம்! மாத்திரை எழுதித் தந்ததிலும் இதே போக்குதான். வயதுக்குரிய துறுதுறுப்புக்கு நோயின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

என் வகுப்பில் ஒரு பையன் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்கூடத் திரும்ப மாட்டான். கவனக்குறைவு என்று எல்லோரும் பேசத் தொடங்கிவிட்டார்கள். காதைப் பரிசோதித்தபோது நடுக்காதில் நீர் கோத்திருந்தது தெரிந்தது. சிகிச்சைக்குப் பிறகு முதல் அழைப்பிலேயே எழுந்து நின்றான்.

ஏடிஎச்டி உண்மையிலேயே உள்ள பிள்ளைகளும் இருக்கிறார்கள். மருந்தால் நிம்மதி அடைந்தவர்களை நான் அறிவேன். என் கடிதத்தைப் படித்துவிட்டு யாரும் தாங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். ஆனால் மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேடே, அறிகுறிகள் குறைந்தது ஆறு மாதம் நீடிக்க வேண்டும், வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தென்பட வேண்டும் என்கிறது. நான் நிரப்பும் ஒற்றைப் படிவம் அதற்கு ஈடாகாது. அப்புறம், காது, கண், தூக்கம் மூன்றையும் முதலில் பார்த்துவிடுவது நல்லது.

படிவத்தை அனுப்பும் மருத்துவர்கள், பிள்ளை வகுப்பிலேயே இளையவனா என்ற ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்கலாம். அதற்குப் பதில் எங்கள் வருகைப் பதிவேட்டிலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
ஒன்றாம் வகுப்பு ஆசிரியை