மாட்டுத்தாவணியில் பஸ் மாறுகிற மாதிரி இல்லை, மாப்ள

அவனியாபுரம், மதுரை
மே 17

அன்புள்ள மாப்ள,

இங்கே எல்லாரும் நலம். நீயும் நலம்தான் என்று நேற்று போனில் நீ போட்ட சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை என்று திட்டினாயே, அதை அப்படியே வாங்கிக்கொள்கிறேன். சித்திரைத் திருவிழாவுக்கு நீ வரவில்லை என்பதையும் நீ வாங்கிக்கொள். எதிர்சேவையன்று நம் கூட்டாளிகளில் ஜட்ஜ் உன்னைத்தான் தேடினான். ஒண்ணேமுக்கால் வழக்கம்போல ஒவ்வொரு நீர்மோர்ப் பந்தலிலும் நின்று நின்று, கடைசியில் அழகரையே பார்க்காமல் வீட்டுக்குப் போய்விட்டான். இதற்கு மேல் ஊர்ச் செய்தி ஒன்றும் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நீயும் தங்கச்சியும் அமெரிக்கா போகிற டிக்கெட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினாயே, அதை நான் மூன்று தடவை படித்தேன். நீ ஒரு தடவைகூடப் படிக்கவில்லை என்பது என் கட்சி. சென்னையில் விமானம் ஜூன் 12, அதிகாலை 1.50. நீ மதுரையிலிருந்து சென்னைக்குப் போட்டிருந்தது 12-ம் தேதி சாயங்காலம்! 12-ம் தேதி 1.50 என்றால் 11-ம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஏர்போர்ட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அர்த்தம். நான் சொல்லாமல் விட்டிருந்தால், 12-ம் தேதி சாயங்காலம் நீயும் தங்கச்சியும் புதுத்துணி உடுத்தி பெருங்குடியில், நம் மதுரை ஏர்போர்ட்டில் போய் இறங்கும்போது உங்கள் இரண்டு காலி சீட்டும் அட்லாண்டிக் கடல் மேலே போய்க்கொண்டிருக்கும். நீ சிரித்தாய். "ஒரு நாள் தானேப்பா" என்றாய். மறுபடி சொல்கிறேன், சிரிக்கிற விஷயம் இல்லை.

தேதியை 11-ம் தேதி இரவுக்கு மாற்றிவிட்டாயாம், சந்தோஷம். மற்றதை நான் சொல்ல ஆரம்பித்தவுடன் "மாட்டுத்தாவணியில் இறங்கி பஸ் மாறுற மாதிரிதானே" என்று சொல்லி போனை வைத்துவிட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

சரி, உன் உதாரணத்தையே எடுத்துக்கொள்கிறேன். நீ மேலூரிலிருந்து வந்து திருநெல்வேலி பஸ்ஸில் ஏறினால் மாட்டுத்தாவணிக்குள்ளேயே வேலை முடிந்துவிடும். கோயம்புத்தூர் போக வேண்டுமென்றால்? மூட்டை முடிச்சோடு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேண்டும். மேலூர் பஸ் பிந்திவிட்டது என்று அங்கே கோயம்புத்தூர் பஸ் உனக்காக நிற்குமா? அந்த டிரைவருக்கு மேலூர் பஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. விமானத்தில் ஒரே டிக்கெட், ஒரே பி.என்.ஆர். என்றால் முதல் விமானம் பிந்தி அடுத்தது தவறினாலும் உன்னைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. பெட்டியும் அவர்கள் கணக்கில் போகும். தனித்தனி டிக்கெட் என்றால் இரண்டாவது விமானக்காரனுக்கு நீ நேரத்துக்கு வராத ஆள், அவ்வளவுதான். உன் மகன் சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட், சிகாகோ வழியாக மினியாபோலிஸ் வரை ஒரே டிக்கெட்டாகப் போட்டிருக்கிறான், கெட்டிக்காரன். அவன் அப்பன்தான் மதுரை–சென்னையைத் தனியாக வாங்கி, "ஐயாயிரம் மிச்சம்" என்று எனக்கு எழுதுகிறான்.

இங்கேதான் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. இத்தனை வருஷம் சொல்லவில்லை.

2018 தை மாதம் நாங்கள் டல்லாஸ் போனோமே, எங்கள் மகள் பாப்பாவின் பிரசவத்துக்கு. "குழந்தை பிறந்தப்ப பக்கத்தில் இருந்தீங்களா" என்று நீ கேட்டபோது, இருந்தோம் என்றேன். அது பொய்.

ஜனவரி 13, போகி. காலை 7.10-க்கு மதுரையில் விமானம், 8.25-க்குச் சென்னை. வளைகுடா வழியாகப் போகிற விமானம் 10.50-க்கு. நடுவில் இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல் இருக்கிறதே, உள்நாட்டு விமானம் இறங்குகிற காமராஜர் முனையத்துக்கும் வெளிநாட்டு விமானம் கிளம்புகிற அண்ணா முனையத்துக்கும் நடுவே நடக்கிற தூரம்தானே என்று நினைத்தேன். தனித்தனி டிக்கெட். ஒன்பதாயிரம் ரூபாய் மிச்சம் பிடித்தேன். கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருஷம் பேரேடு எழுதிய புத்தி வேறெங்கே போகும்? ஆனால் போகியன்று சென்னைக்காரர்கள் பழைய பாயையும் டயரையும் கொளுத்துவார்கள், பனியோடு அந்தப் புகையும் சேர்ந்து ஓடுபாதையை மறைக்கும் என்பது என் பேரேட்டில் இல்லை. அன்றைக்குச் சென்னைக்கு வந்த விமானங்களையே வேறு ஊர்களுக்குத் திருப்பி அனுப்பினார்கள். நாங்கள் மதுரையிலேயே உட்கார்ந்திருந்தோம். இங்கே என்னவோ வெயில் பளிச்சென்று அடிக்கிறது.

9.25-க்குக் கிளம்பி 10.40-க்கு இறங்கினோம். பெல்ட்டில் பெட்டி வர 11 ஆயிற்று. தனி டிக்கெட் இல்லையா, பெட்டியை நாமே எடுத்து, நாமே தள்ளி, நாமே மறுபடி போட வேண்டும். கவுண்டருக்கு மூச்சு வாங்கப் போய் நின்றபோது 11.10. விமானம் இன்னும் போகவில்லை, மாப்ள. புகையால் அதுவும் பிந்தி 11.35-க்குத்தான் கிளம்பியது. ஆனால் கவுண்டரை 9.50-க்கே, குறித்த நேரத்துக்கே மூடிவிட்டார்கள். விமானம் பிந்தினால் கவுண்டரும் பிந்தும் என்று எந்தச் சட்டமும் இல்லையாம். இவள் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டே நின்றாள்.

முதல் விமானத்தில் ஏறவில்லை என்றால் மிச்ச டிக்கெட் மொத்தமும், திரும்பி வருகிற டிக்கெட் உட்பட, ரத்து என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. பொங்கல் கூட்டம். புது டிக்கெட் 16-ம் தேதிக்குத்தான் கிடைத்தது, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு லட்சத்து நாற்பதாயிரம். ஊருக்குத் திரும்பி வர வெட்கமாக இருந்தது. வாசலில் நின்று கையசைத்து அனுப்பி வைத்த தெருக்காரர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? பல்லாவரத்தில் ஒரு லாட்ஜில் மூன்று ராத்திரி. பொங்கலன்று காலையில் அந்த அறையில் டிவியைப் போட்டால் அவனியாபுரம் ஜல்லிக்கட்டு. நம் வாடிவாசல், நம் தெருப் பையன்கள். இவள் சத்தத்தைக் குறைக்கச் சொன்னாள்.

15-ம் தேதி குழந்தை பிறந்துவிட்டது. நாங்கள் 17-ம் தேதி போய்ச் சேர்ந்தோம். பாப்பா எங்களை ஒன்றும் சொல்லவில்லை. இவளும் இன்று வரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தான் கிண்டிய பிரசவ லேகியத்தை மட்டும் அந்த லாட்ஜில் மூன்று நாளும் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாயிரம் ரூபாய், மாப்ள.

போதும், அது முடிந்த கதை. உன் கதைக்கு வருவோம்.

சென்னையில் உனக்கு நடுவில் நாலரை மணி நேரம் இருக்கிறது. அது குறைச்சல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மதுரையிலிருந்து நீ பிடிக்கக்கூடிய கடைசி விமானம் அது. சாயங்காலம் சென்னையில் ஒரு கோடை இடிமழை கொட்டி அது ரத்தானால் உனக்கு அடுத்தது என்று ஒன்று கிடையாது. நடுவில் எத்தனை மணி நேரம் என்று மட்டும் எண்ணாதே, தவறினால் பின்னால் எது வருகிறது என்றும் பார். அப்புறம் எடை. அமெரிக்க டிக்கெட்டில் உங்களுக்கு ஆளுக்கு 23 கிலோவில் இரண்டு பெட்டி. உள்நாட்டு விமானத்தில் ஆளுக்கு 15 கிலோ. தங்கச்சி இட்லிப் பொடியும் வடகமும் கட்டுகிற அழகு எனக்குத் தெரியும். மிச்சம் பிடித்த ஐயாயிரத்தை எடைக்கூலியாகப் பெருங்குடியிலேயே கட்டிவிட்டுத்தான் ஏறுவாய். ரயிலில் ஸ்லீப்பரில் ஆளுக்கு 40 கிலோ வரை சும்மா கொண்டு போகலாம்.

இப்போது சிகாகோ. என் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான். ஃபிராங்க்ஃபர்ட்டில் இரண்டே முக்கால் மணி நேரம், பரவாயில்லை. பெட்டி தானாகப் போய்விடும். பாதுகாப்புச் சோதனைக்கு மட்டும் மறுபடி பெல்ட்டைக் கழற்ற வேண்டும். சிகாகோவில் ஒரு மணி இருபத்தைந்து நிமிஷம் போட்டிருக்கிறான். கம்ப்யூட்டர் ஒத்துக்கொண்டதால்தான் டிக்கெட் வந்தது. ஒவ்வொரு ஏர்போர்ட்டுக்கும் இதற்குக் குறைந்த இடைவெளியில் டிக்கெட் போடக்கூடாது என்று ஒரு கணக்கு உண்டு, அதற்குள் அடங்கியிருக்கும். ஆனால் அந்தக் கணக்கைப் போட்டவன் தங்கச்சியின் முழங்காலைப் பார்த்ததில்லை.

அமெரிக்காவில் நீ முதலில் இறங்குகிற ஊரிலேயே எல்லாச் சோதனையும் முடிய வேண்டும். பெட்டிக்கு மினியாபோலிஸ் என்று சீட்டு ஒட்டியிருந்தாலும் சிகாகோவில் நீயே எடுக்க வேண்டும். முதலில் இமிக்ரேஷன் வரிசை. நான் கடைசியாகப் போனபோது அந்த வரிசையிலேயே ஐம்பத்தைந்து நிமிஷம் நின்றேன். விரல் ரேகை, படம், "எதுக்கு வந்தீங்க, எப்பத் திரும்புவீங்க." அப்புறம் பெட்டி வரும் வரை நிற்க வேண்டும். அப்புறம் கஸ்டம்ஸ். அப்புறம் பெட்டியைத் திரும்ப அவர்களிடம் கொடுத்துவிட்டு, ஐந்தாம் டெர்மினலிலிருந்து ஏர்போர்ட்டுக்குள்ளேயே ஓடுகிற ரயிலில் ஏறி ஒன்றாம் டெர்மினல். அங்கே இன்னொரு பாதுகாப்புச் சோதனை. அப்புறம் கேட் வரை நடை. கேட்டையும் விமானம் கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்னாலேயே மூடிவிடுவார்கள். உன் ஒன்றே கால் சொச்சம் உண்மையில் எவ்வளவு என்று நீயே கணக்குப் போடு.

வீல்சேர் கேள். கௌரவம் பார்க்காதே. தங்கச்சிக்காவது கேள், கூடவே நீயும் ஒட்டிக்கொண்டு போகலாம். தள்ளிக்கொண்டு போகிறவர்களுக்கு எந்த வரிசை எங்கே பிரியும் என்று தெரியும். ஆனால் அதிலும் ஒன்று இருக்கிறது. வீல்சேர்க்காரர்களை விமானத்திலிருந்து கடைசியாகத்தான் இறக்குவார்கள், நாற்காலி வரும் வரை வாசலில் உட்கார வேண்டும். அதற்கும் சேர்த்து நேரம் வேண்டும். இன்னொன்று, ஃபிராங்க்ஃபர்ட்டில் நீ வாங்கப் போகிற பாட்டிலைச் சிகாகோவில் பெட்டியை ஒப்படைக்கும் முன் அதற்குள்ளே வைத்துவிடு. கையில் வைத்திருந்தால் அடுத்த சோதனையில் வாங்கிக் குப்பையில் போட்டாலும் போடுவார்கள். இதை மறக்க மாட்டாய் என்று நம்புகிறேன்.

ஆகையால் உன் மகனிடம் சொல். அதே டிக்கெட்டில் சிகாகோவிலிருந்து அடுத்த விமானத்துக்கு மாற்ற முடியுமா என்று அந்த விமானக்காரர்களிடமே கேட்கட்டும். மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். கூடுதல் காசு கேட்டால் கொடுக்கட்டும். அன்றைக்குக் கடைசி விமானமாக மட்டும் இருக்கக்கூடாது. தவறினால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள்தான், ஒரே டிக்கெட் என்பதால். ஆனால் ராத்திரி முழுக்க ஏர்போர்ட் நாற்காலியில் நீ தங்கச்சியிடம் வாங்கப் போகும் பேச்சுக்கு எந்த விமானக்காரனும் பொறுப்பில்லை.

உன் எச்.எம்.டி. கடிகாரத்தை நம்பாதே. ஃபிராங்க்ஃபர்ட் இப்போது நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், சிகாகோ பத்தரை மணி நேரம் பின்னால். டிக்கெட்டில் போட்டிருப்பதெல்லாம் அந்தந்த ஊர் நேரம். கைபேசி தானாக மாறிக்கொள்ளும், உன் எச்.எம்.டி. மேலூரிலேயேதான் இருக்கும்.

மதுரை விமான டிக்கெட்டை ரத்து செய்துவிடு, போனது போகட்டும். 10-ம் தேதி இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் உங்கள் இரண்டு பேருக்கும் லோயர் பெர்த் நேற்றே போட்டுவிட்டேன். நீ திட்டுவாய் என்று தெரிந்துதான் போட்டேன். விடியுமுன் தாம்பரம் வரும், அங்கேயே இறங்கு, எழும்பூர் வரை போகாதே. பல்லாவரத்தில் என் மச்சினன் வீட்டில் சொல்லியாயிற்று. குளித்துச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டு, 11-ம் தேதி இரவு எட்டு மணிக்குக் கிளம்பினால் போதும், ஏர்போர்ட் பக்கம்தான். பணத்தைப் பற்றிப் பேசாதே. 10-ம் தேதி மத்தியானமே பெட்டிகளோடு இங்கே வந்துவிடு, இங்கிருந்தே ஸ்டேஷன் போகலாம். ஜட்ஜையும் ஒண்ணேமுக்காலையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

வருகிறபோது இவளிடம் 2018 பற்றி மட்டும் பேச்செடுக்காதே.

அன்புடன்,
உன் மாப்ள